பச்சக்கறி

கொச்சி மட்டாஞ்சேரியில் ஏலக்காய்த் தரகு பார்க்கும் அப்ஸல் மீனையும் இறைச்சியையும் விட்டு ஒரு வருஷமாகிறது. வயிறு லேசாக இருக்கிறது என்பதுதான் காரணம். உடம்பு இளைத்ததே தவிர ஒரு குறையும் இல்லை. குறையெல்லாம் மனைவி பௌசியாவுக்குத்தான். கறி வேண்டாமென்றது தான்தான் என்று வெளியில் சொல்ல அவனுக்குக் கூச்சம். அவள் ஒழுங்காகச் சோறு போடுவதில்லை என்று தெரு முடிவு கட்டியதை அவன் மறுக்கவில்லை.

மேலப்பாளையத்திலிருந்து அவன் அக்கா ஜலீலா வந்தாள். "எந்தம்பி ஓணானாட்டம் ஆயிட்டானே! என்னத்தப் போடுத அவனுக்கு?"

"பச்சக்கறிதான் மைனி" என்றாள், கொச்சியிலேயே பிறந்து வளர்ந்த பௌசியா. இந்த ஊரில் அது காய்கறி.

"பச்சைக் கறியா? வேக வைக்கக்கூட ஒனக்கு ஒடம்பு வணங்காதோ?"

அப்ஸல் விளக்கியிருக்கலாம். சிரித்துவிட்டான். பௌசியாவின் கண் கலங்கியதைப் பார்த்த பிறகுதான் மனசு குறுகுறுத்தது. பரிகாரமாக, அக்காவுக்கென்று ஆக்கியிருந்த ஆட்டுக்கறியைத் தானே அள்ளிப் போட்டுக்கொண்டு, பௌசியாவின் கைப்பக்குவத்தைப் புகழ்ந்தபடி தின்றான்.

"பாத்தியா, போட்டா திங்கத்தானே செய்யுதான்!" என்றாள் அக்கா.

பௌசியா அவனைப் பார்த்தாள். இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்றால், அவன் வாய் நிறையக் கறி.