கம்பிக்குள் போன புல்வெளி

எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குக் கீழே, அழும் குழந்தையோடு புல்லில் உட்கார்ந்திருந்த ஓர் இளம் தகப்பனைக் காவலாளி இன்று எழுப்பி விரட்டினார். பார்த்த எனக்கு நெஞ்சு கொதித்தது.

மலாயாவை ஜப்பான்காரன் பிடித்திருந்த காலத்தில் எனக்கு ஆறு வயது. கணக்கெழுதும் கிராணி வேலை போன அப்பா, பினாங்கில் எங்கள் ஒற்றை அறைக்குள்ளேயே கிடந்தார். பசியில் தம்பி ஓயாமல் அழுதான்; அழுதால் அப்பா அடித்தார்.

ஒரு மாலை அம்மா, "எல்லாரும் வெளிய வாங்க லா. உள்ளயே இருந்தா ஒருத்தர ஒருத்தர் கடிச்சுக்குவோம்" என்று எங்களைக் கடற்கரைப் புல்வெளிக்கு இழுத்துப் போனாள். அங்சானா மரங்கள் மஞ்சள் பூக்களைக் கொட்டியிருந்தன. காற்றில் உருண்ட பூக்களைத் துரத்திய தம்பி அழுகையை மறந்தான். அப்பா வெகு நாளைக்குப் பிறகு என் தலையைக் கோதினார். பிறகு தினமும் போனோம்.

ஒருநாள், எழுந்து குனிந்து வணங்கவில்லை என்று ஒரு ஜப்பான் சிப்பாய் அப்பாவைக் கன்னத்தில் அறைந்தான். மறுநாள் புல்வெளியைச் சுற்றி முள்கம்பி போட்டுவிட்டார்கள். அவர்களும் அதில் உட்காரவில்லை. இன்றுவரை எனக்கு ஆறாதது அதுதான்.

வீடு திரும்பியதும் தம்பி வீறிட்டான். அப்பா கை ஓங்கினார். அம்மா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"அவன அடிக்க முடியலன்னு இவன அடிக்கிறீங்களா?"

அப்பாவின் கை தளர்ந்தது. தம்பியைத் தோளில் போட்டுக்கொண்டு, என்னையும் கூப்பிட்டு, தண்ணீர்மலைப் பக்கம் மரங்களைத் தேடி நடக்கத் தொடங்கினார்.