உறைக்கிற முள்ளங்கி

எங்கள் பக்கத்து வீட்டு இருளப்பன் அண்ணனுக்குப் பொறுமை அதிகம் என்று பாக்கார் ஆராங் வட்டாரத்தில் எல்லாரும் சொல்வார்கள். எனக்கென்னவோ அது பிடிவாதமாகத்தான் தெரியும். பாடாங் செராய் பக்கம் ஒரு தோட்டத்தில், ரப்பர் கன்று வளர்க்கிற நர்சரியிலேயே காலத்தைக் கழித்தவர். மகன் வாங்கிய, வரிசையாக ஒட்டிக் கட்டிய தெரஸ் வீட்டுக்கு வந்த பிறகும் பின்வேலியை ஒட்டிய துண்டு நிலத்தைச் சும்மா விடவில்லை. கத்தரி, வெண்டை, மிளகாய் எல்லாம் அவர் கைக்கு வரும். முள்ளங்கிதான் அவரைப் படாத பாடு படுத்தியது.

எல்லாம் அவர் மனைவி மருதம்மாள் அக்காவுக்காகத்தான். கடுமையான காய்ச்சலில் கிடந்து எழுந்தவருக்கு வாய் செத்துப்போயிருந்தது. மீன் குழம்பும் ஒன்றுதான், வெந்நீரும் ஒன்றுதான். ருசி மெதுவாகத்தான் திரும்பும், அதுவரை எப்படியாவது சாப்பிட வையுங்கள் என்றார் டாக்டர். அவருக்கென்ன, சொல்லிவிட்டார். இங்கே இரண்டு வாய்க்கு மேல் அக்காவுக்கு இறங்கவில்லை. வளையல் முழங்கை வரை ஏறியது. பார்க்கிற எனக்கே பொறுக்கவில்லை. அண்ணனுக்கு எப்படி இருந்திருக்கும்?

"முள்ளங்கின்னா ஒருவேள எறங்கும்" என்று அக்கா ஒருநாள் வாய்விட்டுக் கேட்டார். அண்ணன் உடனே பாசாருக்கு ஓடி, மலையில் விளைந்த நல்ல பருமனான முள்ளங்கியாக வாங்கி வந்தார். அக்கா ஒரு துண்டைக் கடித்துவிட்டு, "வெறும் தண்ணிங்க" என்று தட்டை நகர்த்திவிட்டார்.

"அப்ப நானே போடுறேன்" என்று கிளம்பினார் அண்ணன்.

நர்சரிக்காரர் அல்லவா, விதையை நேராக மண்ணில் போட அவருக்கு மனசு வரவில்லை. கறுப்புப் பாலிபேக்கில் முளைக்க வைத்து, ரப்பர் கன்றைப் போலத் தாங்கிப் பிடித்துப் பாத்தியில் நட்டார். பிடுங்கிப் பார்த்தால் ஒவ்வொன்றுக்கும் இரண்டு கால், மூன்று கால்.

"அண்ணே, முள்ளங்கி போட்டீங்களா, ஆள் வளத்தீங்களா?" என்று வேலிக்கு இந்தப் பக்கமிருந்து கேட்டேன். என் வாய் சும்மா இருக்காது.

"பையில வேரு மடங்கிருச்சு, பிரேமா" என்றார். சிரிக்கவில்லை. எனக்கும் சிரிப்பு நின்றுபோனது.

அடுத்த முறை நேராக விதைத்தார். ஆனால் வெயிலுக்குப் பயந்து, நர்சரி வழக்கப்படி நாள் முழுக்கக் கறுப்பு வலையைப் போட்டு மூடினார். இலை குப்பென்று வந்தது. அடியில் எலிவால் மாதிரி ஒரு வேர். அதற்குள் அக்கா இன்னும் இளைத்திருந்தார்.

மூன்றாவது தடவை உச்சிவெயிலுக்கு மட்டும் வலை. செடிக்கடியில் லாலாங் புல்லைப் பரப்பி, காலையும் மாலையும் தண்ணீர். செடி பிழைத்தது. ஆனால் அந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. சூடு தாங்காமல் செடிகள் பூத்தண்டு விடத் தொடங்கின. இனி விட்டால் நாராகிவிடும் என்று அத்தனையையும் பிடுங்கினார். விரல் பருமன்தான் இருந்தன. ஒன்றைக் கழுவிக் கடித்தவர் த்தூ என்று துப்பினார்.

"இந்த வெயில் பானாஸ்ல காரம் ஏறிப்போச்சு. சீக்காளி வாய்க்கு இதக் குடுக்க முடியுமா லா? என்னால ஒரு முள்ளங்கி குடுக்க முடியல" என்று பாத்தி ஓரத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

பின்வாசலில் நின்ற அக்கா இதைக் கேட்டுவிட்டு மெல்ல இறங்கி வந்தார். வாளியில் கிடந்த ஒன்றை எடுத்து, சேலைத் தலைப்பில் துடைத்து, நறுக்கென்று கடித்தார். மென்றார். சட்டென்று மெல்லுவதை நிறுத்தினார். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"துப்பு, மருதம்மா, துப்பு!" அண்ணன் பதறி எழுந்து, குழந்தைக்கு ஏந்துவதுபோல் அவர் வாய்க்கு நேரே கையை நீட்டினார்.

அக்கா அந்தக் கையைத் தள்ளினார். மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "உறைக்குதுங்க" என்றார். "நாக்குல தெரியுதுங்க." மிச்சத்தையும் வாயில் போட்டுக்கொண்டார். "ரசம் இருந்தா ஊத்தி, சோறு கொண்டாங்க."

அண்ணன் நீட்டிய கையோடு அப்படியே நின்றார்.

"அண்ணே, அக்கா சோறு கேக்கறாங்க. போங்க லா!" என்று கத்தினேன். கண்ணீரில் எனக்கு வேலியே தெரியவில்லை.

சேற்றுக் காலோடு அவர் அடுப்படிக்கு ஓட, பின்னாலேயே அக்காவின் குரல் போனது.

"கொஞ்சமா போடாதீங்க!"