சாப்பிட்டு எழும்போது

இரண்டாயிரத்து ஐந்து வாக்கில் பொது சுகாதாரம் படிக்க வெளிநாடு போனேன். அதில் நான்கு மாதம் குவாத்தமாலாவின் ஒரு மலைக்கிராமத்தில், மாயா இனக் குடும்பம் ஒன்றோடு தங்க வேண்டும். திருப்போரூரில் பிறந்து வளர்ந்த எனக்குக் கையிருப்பு தட்டுத்தடுமாறும் ஸ்பானிஷ் மட்டும்தான். அந்த வீட்டு அம்மாவுக்கோ அதுவும் வராது. அவர் பேசியது கிச்சே மொழி. எனக்கும் அவருக்கும் நடுவில் ஸ்பானிஷ் தெரிந்த மருமகள் ஒருத்தி இருந்தாள்.

பேச முடியாவிட்டால் என்ன, சாப்பிடத் தெரியுமே! சுடச்சுடச் சோள ரொட்டியும் கறுப்பு பீன்ஸும் அவர் போடப் போட வாங்கித் தின்றேன். தட்டை வழித்து வைத்தேன். எங்கள் வீட்டில் சமைத்தவளுக்கு அதைவிடப் பெரிய மரியாதை கிடையாது. அங்கே சாப்பிட்டு முடித்ததும் ஒவ்வொருவராக எழுந்து, மற்றவர்களைப் பார்த்து ‘மால்த்தியோஷ்’ என்பார்கள், நாலு வயதுக் குழந்தைகூட. ஏதோ சாமி கும்பிடுகிறார்கள், நாம் குறுக்கே நிற்கக் கூடாது என்று நான் தலையைக் குனிந்தபடி நைசாக நழுவிவிடுவேன். என் நாகரிகத்தை நானே மெச்சிக்கொண்டதுதான் கொடுமை.

மூன்றாவது வாரம் மருமகள் தயங்கித் தயங்கி வந்தாள். “உனக்கு வேறு வீடு பார்க்கச் சொல்கிறார் அத்தை. எங்கள் சாப்பாடு உனக்குப் பிடிக்கவில்லையாம்.”

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. “வேளைக்கு ஐந்து ரொட்டி தின்கிறேனே!” என்றேன். அவள் பொறுமையாக விளக்கினாள். அந்தச் சொல்லுக்கு நன்றி என்று அர்த்தம். சமைத்தவருக்கும் சொல்ல வேண்டும், கூட உட்கார்ந்து சாப்பிட்டவர்களுக்கும் சொல்ல வேண்டும். மூன்று வாரமாக நான் வாயே திறக்காமல் எழுந்து போயிருக்கிறேன்.

அன்று மதியம் அந்த அம்மாவில் தொடங்கிக் குழந்தை வரை ஒருவர் விடாமல் சொன்னேன். நாக்கு குழறியது, வெட்கத்தில் அழுகையும் வந்துவிட்டது. அந்த அம்மா பதில் சொல்லிவிட்டு, என்னைப் பிடித்து உட்கார வைத்து இன்னொரு ரொட்டி போட்டார். வீடு மாற்றும் பேச்சு அதோடு நின்றது.

ஊர் திரும்பிய அன்று அம்மா வஞ்சிரக் குழம்பு வைத்திருந்தாள். அப்பாவும் நானும் சாப்பிட்டோம். எழும்போது பழக்கதோஷத்தில் “ரொம்ப நன்றிம்மா” என்றேன்.

அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. “இன்னாடி, யாரோ வூட்ல துன்ட்டுப் போற மாரி நன்றிங்கற?”

நடந்ததையெல்லாம் சொன்னேன். கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

“அத்தினி பேருமா சொல்வாங்க? தெனமும்?”

“மூணு வேளையும்மா.”

“குட்த்து வச்சவ” என்றாள்.

அப்பா ஒன்றும் சொல்லாமல் எழுந்து கை கழுவப் போனார். கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான் எழுந்து போகிறார். அம்மா அவர் முதுகையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அந்த வார்த்தைய உங்கப்பாவுக்கும் சொல்லிக் குடு” என்றாள். சிரிப்பாள் என்று பார்த்தேன். சிரிக்கவில்லை.