மஞ்சள் வைத்த டாலர்

ஆயுத பூஜை அன்று என் பட்டறையில் பொட்டு வாங்காமல் எந்தப் பொருளும் தப்பிக்க முடியாது. லேத், டிரில்லிங் மிஷின், சுவிட்ச் போர்டு, ஒரு வருடம் ஆடிட்டர் மறந்து வைத்துப்போன கால்குலேட்டர் வரை. ஓசூரில் சின்னதாக ஜாப் ஒர்க் பண்ணிப் பிழைக்கிறவன் நான். எது புதிதாக வந்தாலும் கட்டை விரலை மஞ்சளில் தோய்த்து ஓர் அப்பு, நடுவில் குங்குமம். அப்புறம்தான் எனக்கு அதன்மேல் நம்பிக்கை வரும்.

அதனால், கப்பல் பயணத்துக்கு டாலர் மாற்றி வந்த அன்றைக்கும், அந்தப் புது நோட்டுகளைச் சாமி படத்துக்கு முன் பரப்பி வரிசையாக அப்பினேன்.

“காசுக்கு எதுக்குங்க?” என்றாள் மனைவி.

“இது மட்டும் என்னா பாவம் பண்ணுச்சு?” என்றேன்.

மருமகன் ஏற்பாடு செய்த பயணம் அது. சென்னையில் ஏறி, இலங்கைக் கரையோரம் சுற்றித் திரும்பும் கப்பல். மகள், மருமகன், நாங்கள் இருவர், தளியில் ரோஜா பயிரிடும் சம்பந்தி, அவர் மனைவி. கப்பலுக்குள் ரொக்கம் வாங்க மாட்டார்கள். அறைக் கதவைத் திறக்கிற அட்டையை நீட்டினால் எல்லாம் மருமகன் கணக்கில் ஏறிவிடும். பெண்ணைக் கொடுத்தவன் மருமகன் காசில் ஜூஸ் குடிப்பதா? அதனால் எல்லோர் முன்னாலும் அறிவித்துவிட்டேன்.

“திருகோணமலையில எறங்குற அன்னைக்கு மொத்தச் செலவும் என்னுது. ஒருத்தரும் பாக்கெட்ல கை வெக்கக் கூடாது.”

“நானும் கொஞ்சம் ஐநூறு ரூவா நோட்டு வெச்சிகினு இருக்கறேன் சம்பந்தி,” என்றார் அவர் மெதுவாக.

“நம்மூரு ஐநூறு அங்க பல்லு குத்தக்கூட ஆவாது. வெளிநாடுன்னா டாலருதான்!” கப்பலின் மேல்தளம் முழுக்கக் கேட்கும்படி சிரித்தேன். அவரும் சிரித்து வைத்தார்.

அங்கே இறங்கியதும் இளசுகள் தனியாகக் கடற்கரைக்குப் போக, பெரியவர்கள் நாலு பேரும் வேன் பிடித்துக் கோயில் பார்த்துவிட்டு ஓர் ஓட்டலில் சாப்பிட்டோம். நண்டு, இறால், எதையும் விடவில்லை. என் செலவாயிற்றே, வற்புறுத்தி வற்புறுத்தி ஊட்டாத குறை. சாப்பிட்டு முடித்த பிறகுதான் ஓட்டல்காரர் டாலர் வேண்டாம், பக்கத்துக் கடையில் மாற்றி வாருங்கள் என்றார்.

நாணயம் மாற்றும் கடையில் ஒரு பெண். நெற்றியில் குங்குமம். நம் ஆள் என்று தெம்பாக நோட்டுகளை நீட்டினேன். ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துத் திருப்பித் தள்ளினாள்.

“இதுகள எடுக்க ஏலாது ஐயா. கறை பட்டிருக்கு.”

“கறை இல்லம்மா, மங்களம். நீங்களே பொட்டு வெச்சிருக்கீங்களே!”

“நெத்தியில வைப்பம் ஐயா. காசில வைக்கிறேல்ல.”

விடுவேனா? ஓட்டலின் கை கழுவும் இடத்துக்கு ஓடி, சோப்புப் போட்டுத் தேய்த்தேன். மஞ்சளில் சோப்புப் பட்டால் என்ன ஆகும் என்பது சட்டையில் குழம்பு கொட்டிக்கொண்ட எவனுக்கும் தெரியும். எனக்குத்தான் அந்த நேரத்தில் நினைவில்லை. நோட்டெல்லாம் செக்கச் செவேலென்று ஆகிவிட்டது. ஈரம் சொட்டச் சொட்டத் திரும்பிப் போய் நீட்டினேன்.

“ஐயோ, இது என்ன ரத்தமே?” என்று அவள் நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள்.

அதற்குள், போனவனைக் காணோமே என்று மற்ற மூவரும் கடைக்கே வந்துவிட்டார்கள். “என்னா ஆச்சு சம்பந்தி?”

என் வாய் எனக்கு முன்னால் பேசியது. “எல்லாம் இவ பண்ண வேலைங்க. நோட்டுக்குப் போயி மஞ்சள வெச்சிருக்கா. பொம்பளைங்க கையில காசு குடுத்தா இப்படித்தான்.”

மனைவி என்னைப் பார்த்தாள். மறுத்துப் பேசியிருந்தால்கூடச் சண்டையாக்கித் தப்பித்திருப்பேன். சம்பந்தியம்மா அவள் தோளைத் தொட்டு, “விடுங்க அண்ணி, விடுங்க” என்றாள். சம்பந்தி சட்டையின் உள்பாக்கெட்டிலிருந்து ஐநூறு ரூபாய் நோட்டுகளை எடுத்தார். அந்தப் பெண் மறுபேச்சில்லாமல் வாங்கிக்கொண்டு இலங்கைப் பணத்தை எண்ணித் தந்தாள். ஓட்டலுக்கும் வேனுக்கும் அவர் கொடுக்கும்போது நான் யாருடனோ போனில் மும்முரமாகப் பேசிக்கொண்டிருந்தேன். போனில் சிக்னலே இல்லை.

அன்று மாலை கப்பல் அறையில், ஈர நோட்டுகளை மனைவி கட்டிலில் பரப்பிக் காயவைத்தாள். பிறகு தன் கட்டை விரலை ஒரு கறையின்மேல் வைத்துக் காட்டினாள். விரலைச் சுற்றி இன்னும் பாதிக் கறை மிச்சம் இருந்தது.

“இவ்ளோ பெரிய வெரலு எனக்கா இருக்கு? அவங்களுக்குக் கண்ணு இல்லியா?” என்றாள்.

மறுநாள் காலை இட்லித் தட்டோடு நாலு பேரும் உட்கார்ந்திருந்தபோது, வழக்கமாக நான் ஜோக் அடிக்கிற இடத்தில், “அந்தப் பொட்ட வெச்சது நான்தான்” என்றேன். தட்டைப் பார்த்துத்தான் சொல்ல முடிந்தது.

சம்பந்தி சட்னியில் கவனமாக இருந்தார். சம்பந்தியம்மாதான் பதில் சொன்னாள்.

“தெரியுங்கண்ணா. நேத்து அண்ணியத் தேத்துனது நோட்டுக்காவ இல்லீங்க, வாய்ச்சவருக்காவ.”

மனைவி சிரித்தாள். முதலில் அவள்தான் சிரித்தாள். சம்பந்திக்குப் புரையேறியது.

நானும் சிரித்தேன், ஆனால் காது சுட்டது. எழுந்து போய் நாலு பேருக்கும் ஜூஸ் வாங்கி வந்தேன். மருமகன் கணக்கில்தான்.