கேட் மிஷினுக்குத் தெரியாத முகம்

தொழிற்சாலை முதலுதவி அறைக்கு வருகிறவர்களில் பாதிப் பேர் நோய்க்காக வருகிறார்கள். மீதிப் பேர் அங்கே ஓடும் ஏசிக்காக வருகிறார்கள். வல்லம் வடகாலில் கார்களுக்கு ஒயரிங் செய்யும் கம்பெனி ஒன்றில் நான் நர்ஸ். யார் எதற்கு வருகிறார்கள் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன். மூச்சு இழுக்கும் வீசிங்காரர்களுக்கு அதுவும் வேண்டாம், படியேறும் சத்தமே போதும். ஏனென்றால் எனக்கும் அதே வியாதிதான். கைப்பையில் பவுடர் டப்பா இருக்கிறதோ இல்லையோ, மருந்தை வாயில் இழுக்கும் பம்ப் இருக்கும். மேகம் கறுத்தால் ஊரார் பஜ்ஜியை நினைக்கிறார்கள். நாம் மட்டும் பம்பைக் காதருகே குலுக்கி மருந்து மிச்சம் இருக்கிறதா என்று பார்க்கிறோம். அப்படிப்பட்ட நம்மவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

ஊது!

ஏழுமலை உள்ளூர்க்காரர், ஸ்டோர்ஸில் வேலை. ஒருநாள் காலை பஸ்ஸுக்கு ஓடி வந்ததில் மூச்சு வாங்கி, கேட்டுக்கு வெளியிலேயே பம்பை இழுத்துவிட்டு உள்ளே வந்தார். அந்த மருந்து மூச்சுக்குழாயை விரிக்கும். கூடவே கையை நடுங்க வைக்கும், நெஞ்சைப் படபடக்க வைக்கும். இதெல்லாம் நமக்குப் பழகிப்போன சங்கதி. செக்யூரிட்டி தேவராஜுக்கு எப்படித் தெரியும்? கை நடுங்குகிறது, கண் சிவந்திருக்கிறது, முந்தின நாள் ஞாயிற்றுக்கிழமை வேறு. முடிவே செய்துவிட்டார். குடித்திருக்கிறாரா என்று பார்க்கும் மிஷினை வாயருகே நீட்டி, ஊதச் சொன்னார்.

ஏழுமலை ஊதினார். காற்று போதவில்லை என்று மிஷின் கத்தியது. இன்னும் பலமாக ஊதச் சொன்னார் தேவராஜ். நான் ஓடிப் போய்ச் சேர்ந்தபோது, ஏழுமலைக்கு மூச்சிரைப்பைவிடக் கோபம்தான் அதிகமாக இருந்தது, பம்பைத் தூக்கிக் காட்டினார்.

"யோவ், ஊத முடிஞ்சா நான் இன்னாத்துக்குய்யா இத்த இஸ்துகினு கீறேன்?"

மிஷினுக்கு வயிற்றெரிச்சல்

எங்கள் கேட்டில் வருகைப்பதிவுக்கும் ஒரு மிஷின் உண்டு. முகத்தைக் காட்டினால் பச்சை விளக்கு எரிந்து உள்ளே விடும். பேச்சியம்மாளின் முகத்துக்கு ஒருநாள் சிவப்பு விளக்கு எரிந்தது. துப்பட்டாவை விலக்கினாள், முடியை ஒதுக்கினாள், மிஷின் மசியவில்லை. கடைசியில் தேவராஜ் அவளைப் புதிதாகப் படம் பிடித்துப் பதிவு செய்தார்.

பேச்சி சங்கரன்கோவில் பக்கத்துப் பெண். ஒரகடத்தில் லேடீஸ் ஹாஸ்டலில் தங்கி, எங்கள் லைனில் டிரெயினியாக இருந்தாள். வேலை நிரந்தரமாவதற்கு இன்னும் கொஞ்ச காலம்தான் பாக்கி. அவளும் நம்மவள்தான், வீசிங்காரி. சேர்ந்த அன்று அவளுக்கு எடை பார்த்ததே நான்தான், ஒல்லிக்குச்சியாக இருந்தாள். இப்போது கன்னம் இரண்டும் பூரியாக உப்பியிருந்தன. ஹாஸ்டல் சாப்பாட்டில் அப்படித் தேறிய ஒரு ஜீவனை நான் கண்டதில்லை. மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறாயா என்று கேட்டேன். இல்லை என்றாள். வீசிங் எப்படி என்றேன். அது போயே போய்விட்டது என்று சிரித்தாள்.

"எங்கம்மா வீடியோ கால்ல பாத்துட்டு, பிள்ள தேறிட்டான்னு தெருவெல்லாம் சொல்லுதா சிஸ்டர். இந்த மிஷினுக்குத்தான் வயித்தெரிச்சல்."

எனக்கும் ஒரு அட்டை

உண்மையை உடைத்தவள் அவளுடைய அறைத்தோழி கவிதா. காற்றடித்தால் கூடவே போய்விடும் உடம்பு அவளுக்கு. தயங்கித் தயங்கி என்னிடம் வந்து, பேச்சி சாப்பிடும் 'உடம்பு தேறுற மாத்திரை' கம்பெனியிலேயே கிடைக்குமா என்று கேட்டாள். அறையில் இன்னும் இரண்டு பேருக்கும் வேண்டுமாம்.

உடனே பேச்சியைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். முன்பு ஒருமுறை மூச்சு மிகவும் முட்டியபோது, யாரோ ஒரு டாக்டர் சில நாளுக்கு மட்டும் என்று எழுதிக் கொடுத்த ஸ்டீராய்டு மாத்திரை அது. காலி அட்டையை மெடிக்கலில் காட்டிக் காட்டி, மாதக்கணக்கில் வாங்கி விழுங்கியிருக்கிறாள். நம் உடம்பே சுரக்கும் ஹார்மோனின் இன்னொரு வடிவம்தான் அந்த மாத்திரை. அளவோடு கொடுத்தால் உயிரைக் காக்கும். அளவு மீறி உடம்பில் சேர்ந்தால் முகம் உருண்டுவிடும், வயிறு உப்பும், மாதவிலக்குகூட நின்றுபோகும். அதற்காகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, அது இன்னும் ஆபத்து. சனிக்கிழமை கம்பெனி டாக்டர் வருவார், அதுவரை அப்படியே சாப்பிடு என்று படித்துப் படித்துச் சொன்னேன். பம்பை ஏன் விட்டாய் என்று மட்டும் கோபமாகக் கேட்டேன்.

"பம்ப் அடிச்சா லைன்ல எல்லாரும் பாப்பாவ, சீக்குக்காரின்னு நிரந்தரமாக்க மாட்டாவ. மாத்திரைன்னா டீயோட முழுங்கிறலாம்லா சிஸ்டர்."

வார்டனின் கண்டுபிடிப்பு

சனிக்கிழமைக்கு முன்பே ஹாஸ்டல் வார்டன் விஜயா அக்கா வந்து நின்றார். கதவைச் சாத்தினார். குரலைத் தாழ்த்தினார். பேச்சிக்கு வயிறு தெரிகிறதாம், இரண்டு மாதமாக நாப்கின் கேட்டு வரவே இல்லையாம், அவள் முழுகாமல் இருக்கிறாளாம். ஹாஸ்டல் முழுக்க அதே பேச்சாம்.

எனக்கு வந்த கோபத்தில் எனக்கே வீசிங் வந்துவிட்டது. பம்பை இழுத்துக்கொண்டே அந்த அம்மாளுக்கு மாத்திரையின் கதையைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார், ஆனால் ஒரு வார்த்தையும் நம்பவில்லை.

"வீசிங் மாத்திரை துன்னா வயிறு வருமா சிஸ்டர்? நான் அவங்க அப்பாருக்கு போன் போட்டுட்டேன், வந்து இட்டுகினு போவச் சொல்லி. அவரும் நாளிக்கு காலைல பஸ் ஏறுறேன்னாரு."

வெறும் பை

மறுநாள் மதியம் பேச்சி லைனிலேயே சுருண்டு விழுந்தாள். உடம்பு சில்லிட்டிருந்தது, பிரஷர் தரையைத் தொட்டிருந்தது. காலையிலிருந்தே வாந்தி. சாப்பிடாமல் வந்திருப்பாள் என்றார் சூப்பர்வைசர். கவிதாதான் அழுதுகொண்டே சொன்னாள். இரண்டு நாளைக்கு முன்பே, வார்டன் ஹாஸ்டலில் பேசியது காதில் விழுந்ததும், பேச்சி அவமானம் தாங்காமல் அட்டையோடு மாத்திரையைக் குப்பைத்தொட்டியில் போட்டுவிட்டாளாம்.

ஆம்புலன்ஸில் அவள் கையைப் பிடித்துக்கொண்டே போனேன். பயத்தில் எனக்குத் தெரிந்த சாமியையெல்லாம் கூப்பிட்டேன். ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியதும் என் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தையே, "ஸ்டீராய்டை நிறுத்திட்டா டாக்டர்" என்பதுதான். உடனே அதே மருந்தை ஊசியில் ஏற்றினார்கள். சாயங்காலத்துக்குள் கண்ணைத் திறந்து பேசினாள்.

சற்று நேரத்தில் அவளுடைய அப்பா தோளில் ஒரு பையோடு வந்து சேர்ந்தார். விஜயா அக்காவும் ஃப்ளாஸ்க்கில் கஞ்சியோடு வந்து ஓரமாக நின்றார். கர்ப்பம் இல்லை என்று டெஸ்ட்டில் வந்ததை டாக்டர் இருவருக்கும் கேட்கும்படி சொன்னார். வெளியிலிருந்து வந்த மாத்திரையால் உடம்பின் சொந்த ஹார்மோன் சுரப்பி தூங்கிப்போயிருக்கிறது, மாத்திரையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தால் அது விழித்துக்கொள்ளும், முகமும் மற்றதும் தானே சரியாகும் என்றார். ஊருக்கு வரவில்லை, இங்கிருந்தே குறைத்துக்கொள்கிறேன் என்று பேச்சி அப்பாவின் கையைப் பிடித்தாள். அவர் அவள் தலையைத் தடவிக் கொடுத்தார். விஜயா அக்கா தலையைக் குனிந்துகொண்டு கஞ்சியை டம்ளரில் ஊற்றினார். பிறகு பேச்சியின் அப்பா என் பக்கம் திரும்பினார்.

"இவ துணிமணிய எடுத்துட்டுப் போவத்தாம்மா வெறும் பையோட வந்தேன். அது வெறும் பையாவே திரும்பட்டும்."

மறுபடியும் சிவப்பு விளக்கு

மாத்திரை இறங்க இறங்க, வீசிங்கை வராமலே தடுக்கும் தினசரி பம்ப் ஏறியது. அதை இழுத்த கையோடு வாய் கொப்பளிக்க நம்மில் பலர் மறந்துவிடுகிறோம். வாய் கொப்பளிக்காவிட்டால் நாக்கில் வெள்ளை படரும், குரல் கம்மும். பேச்சியால் அப்படி மறக்க முடியாது. விஜயா அக்கா சொம்புத் தண்ணீரோடு பக்கத்திலேயே நின்றுகொள்வார். இப்போதெல்லாம் வீசிங் இல்லாத பெண்களைக்கூட வாய் கொப்பளித்தாயா என்று மிரட்டுகிறாராம். பேச்சி லைனில் எல்லோரும் பார்க்கப் பம்ப் அடித்தாள். ஒருவரும் ஒன்றும் சொல்லவில்லை. வேலைக்குத் தகுதி என்று கம்பெனி டாக்டர் கையெழுத்துப் போட்டார், வேலையும் நிரந்தரமானது. நின்றிருந்த மாதவிலக்கு திரும்ப வந்த அன்று, என் அறைக்கு வந்து காதில் சொல்லிவிட்டு ஓடினாள்.

போன வாரம் ஒருநாள் காலையில் கேட்டில் ஒரே கூச்சல். போய்ப் பார்த்தால் மிஷின் முன்னால் பேச்சி நின்றுகொண்டிருந்தாள், சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அது பதிவு செய்து வைத்திருந்தது அந்த உப்பிய முகத்தை. முன்னால் நின்றதோ, நான் எடை பார்த்த அதே ஒல்லி முகம். கவிதா கை தட்டினாள், பேச்சி அந்த விளக்கைப் பார்த்துக் குதித்தாள். எனக்குக் கண் கலங்கிவிட்டது. தேவராஜ் மட்டும் அலுத்துக்கொண்டே கேமராவைத் திருப்பினார்.

"இன்னா பேச்சி, வாட்டி வாட்டி மூஞ்ச மாத்திகினே கீற? இந்த மூஞ்சியாவது நெலையா இருக்குமான்னு சொல்லு, அப்பால பதிவு பண்றேன்."

ஆகவே நம்மவர்களே, ஊரே தேறிவிட்டாய் என்று மெச்சும்போது ஒரு மிஷின் மட்டும் உங்களை யாரென்று கேட்டால், அதைத் திட்டுவதற்கு முன் டாக்டரை ஒரு நடை பார்த்துவிட்டு வாருங்கள்.