கரையை விட்டுக்கொடுக்கச் சொன்ன லோகநாதன் சார்

நான் இதை முன்பே சொன்னேன். 'மழை வெயில் பார்க்காமல் ஆற்றோரம் அலைகிறார், நெஞ்சு தாங்காது' என்று எங்கள் பெக்கோக் ஊர்ச் சாப்பாட்டுக் கடையில் பத்துப் பேர் முன்னிலையில் சொன்னவன் நான்தான். போன செவ்வாய்க்கிழமை வாட்ஸ்அப்பில் செய்தி வந்தது. லோகநாதன் சார் சிகாமட்டில் காலமாகிவிட்டார். என் மனைவி கரண்டியைக் கீழே போட்டுவிட்டு அழுதாள். எனக்குக் குடல்வால் வெடித்தபோதுகூட அவள் அப்படி அழவில்லை.

அவரை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஒரு சிறிய இயற்கைக் காப்புக் குழுவின் ஆள் அவர். எங்களைப் போல ஐந்து ஏக்கர், பத்து ஏக்கர் எண்ணெய்ச் செம்பனை வைத்திருப்பவர்களிடம் வந்து, ஆற்றோர நிலத்தைக் கொஞ்சம் காடாக விடச் சொல்வார். கன்றும் கொடுத்து, கூட நின்று நட்டும் கொடுப்பார்.

நானோ எஸ்டேட் மண்டோர் மகன்; ஆட்களை வேலை வாங்கும் கங்காணி என் அப்பா. படித்தது ஆறாம் வகுப்புதான். ஆனால் மண்ணைப் பற்றி எனக்குப் பாடம் எடுக்க இந்த ஜொகூர் மாநிலத்தில் ஆள் கிடையாது. புல் தெரிந்தால் அது சோம்பேறித் தோட்டம். தண்ணீர் விளிம்புவரை மருந்தடித்து, தரையைச் சாப்பாட்டுத் தட்டு மாதிரி வைத்திருப்பேன்.

"அண்ணே, தோட்டம் அழகா இருக்கு. ஆனா கரையப் புடிச்சிக்க ஒரு வேருகூட இல்லையே" என்றார், முதல் நாளே.

"அலமாக்! மண்டோரு மகன்கிட்ட வந்து புல்லு வளக்கச் சொல்றீங்களா?"

சிரித்தார். கோபமே வராத மனிதர். அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை.

அந்த வருடமே வெள்ளம் வந்தது. யானை முங்கும் வெள்ளம். என் செம்பனை இரண்டு வரிசை கரையோடு சரிந்து போயிற்று. அவர் பேச்சை முன்பே கேட்ட பக்கத்துத் தோட்டத்துச் சீனர் ஆ செங்கின் கரை அப்படியே நின்றது. இன்னொரு வெள்ளம் வந்தால் என் வீட்டுப் பின்புறமே ஆற்றோடு போய்விடும். ஆகவே பெரிய மனது பண்ணி, "சரி, நடுங்க" என்றேன்.

மூங்கில், நாவல் என்று கரை முழுக்க நட்டோம். மறுவாரமே ஊரெல்லாம் அதற்கு 'லோகு சார் கரை' என்று பெயர் வைத்துவிட்டது. நிலம் என்னுடையது, சேறு என்னுடையது, பெயர் மட்டும் அவருடையது! என் மனைவி அவருக்குக் காப்பி கலந்து கையில் கொடுப்பாள். எனக்கோ, "அடுப்புல இருக்கு, ஊத்திக்குங்க."

ஒரு காலையில் பாதிக் கன்றுகள் பிடுங்கப்பட்டுக் கிடந்தன. காட்டுப்பன்றி என்று தகவல் அனுப்பினேன். வந்து குனிந்து பார்த்தார்.

"பன்னியாண்ணே?"

"நாப்பது இருக்கும் சார்! கொம்பன் ஒண்ணு என்னையே தொரத்துச்சி!"

"ரொம்பச் சுத்தமான பன்னி லா" என்றார். மறுநாள் புதுக் கன்றுகளோடு வந்தார். நட்டு முடித்ததும் மோட்டார் சைக்கிளிலிருந்து ஒரு பலகையை எடுத்தார். "உங்க பேர முழுசாச் சொல்லுங்கண்ணே, கரைக்கு எழுதி வைக்கணும்." முட்டி போட்டு அவரே எழுதினார். அதன்பிறகு பன்றி வரவில்லை. போன மழைக்கு ஆறு என் மண்ணில் ஒரு பிடிகூட எடுக்கவில்லை.

இறுதிச் சடங்கில் மலாய்க்காரர், சீனர், நம்மவர் எல்லாரும் 'என் கரை', 'என் கரை' என்று அவரைச் சொந்தம் கொண்டாடினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. எல்லாரையும் மிஞ்ச வேண்டுமென்று பன்றிக் கதையைச் சொன்னேன், இந்த முறை அறுபது பன்றி. ஆ செங் மட்டும் சிரிக்கவில்லை.

போய் வாருங்கள் சார். உங்களிடம் நேரில் சொல்லியிருக்க வேண்டும். பன்றி எதுவும் வரவில்லை, பிடுங்கியவன் நான். பிடுங்கிய குழிகளை மூடி, தரையைக் கையால் தடவிச் சமமாக்கியதும் நான்தான். குழியும் மேடுமாக விட்டுப் போக மண்டோர் மகனுக்குக் கை வரவில்லை.