ஜம்பு மரத்தடியில் ஏழு மாதம்

கல்லூரி வகுப்புகளை எப்படிச் சமாளிப்பது என்று எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பெண்பிள்ளைகள் சிலர் இப்போது என்னிடம் வந்து கேட்கிறார்கள். நான் ஏதோ பெரிய கெட்டிக்காரி என்று நினைப்பு. குறிப்பெடுக்கும்போது மேலே திகதியைப் போடுங்கள், மத்தியானச் சோற்றைப் பத்து மணிக்கே தின்று தீர்க்காதீர்கள், தூக்கம் வந்தால் சுவரில் சாயாதீர்கள் என்று வாய்க்கு வந்ததையெல்லாம் சொல்லி அனுப்புகிறேன். உண்மையில் எனக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்றுதான். அதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஏழு மாதம் பிடித்தது.

முன்பள்ளி ஆசிரியர் டிப்ளோமா படிக்க ஸ்பிரிங்வெளியிலிருந்து முதல் பஸ்ஸில் பதுளைக்குப் போவேன். பனிமூட்டத்துக்குள் பஸ் ஊர்ந்து இறங்கும். ஒவ்வொரு வளைவிலும் கொஞ்சம் தேயிலை தெரியும், பிறகு அதுவும் போய்விடும். கண்ணைத் திறந்துகொண்டே தூங்கும் வித்தையை அங்கேதான் பழகினேன். அந்தத் தூக்கத்தில் நான் ஏற்கனவே டீச்சர். சேலை கட்டியிருப்பேன். என்னைச் சுற்றிச் சின்னப் பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் வாய் அசையும், சத்தம் மட்டும் வராது. கண்டக்டர் முதுகில் தட்டி இறக்கிவிடும்போது மணி எட்டேகால் ஆகியிருக்கும்.

எட்டு மணிக்கு உளவியல் வகுப்பு. முதல் நாள் நான் போய்ச் சேர்ந்தபோது பாடம் தொடங்கிவிட்டது. கதவு திறந்தே இருந்தது. நான் உள்ளே போகவில்லை.

இதைக் கேட்டுச் சிரிப்பவர்கள் தோட்டத்து வரிசை வீடுகளில், லயத்தில் பிறந்தவர்களாக இருக்க மாட்டார்கள். எங்கள் தோட்டத்தில் விடிந்ததும் பெரட்டு. ஆட்களைப் பிரித்து மலைக்கு அனுப்பும் இடம் அது. பிந்திப் போனால் அன்றைக்குப் பேர் கிடையாது, வேலையும் கிடையாது. கங்காணி கையை ஆட்டினால் திரும்பி நடக்க வேண்டியதுதான். வெறும் கூடையோடு அம்மா அப்படித் திரும்பி வந்ததை எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். உலகம் முழுவதும் இதுதான் சட்டம் என்று நினைத்திருந்தேன். யாரிடமும் கேட்கவுமில்லை. வெட்கம் பாதி, திமிர் பாதி.

வகுப்பின் ஜன்னலுக்குக் கீழே ஒரு சீமெந்துக் கட்டு உண்டு. பக்கத்தில் ஜம்பு மரம். அடுத்த பாடம் தொடங்கும்வரை அங்கே உட்கார்ந்து கொள்வேன். உளவியல் மிஸ் யாழ்ப்பாணத்துக்காரர், கணீரென்ற குரல். ஜன்னல் வழியாக வருவதையெல்லாம் கொப்பியில் எழுதுவேன். பூக்கிற காலத்தில் ஜம்பு மரம் ரோஸ் நிற நாராக உதிரும். எழுதும் பக்கத்தின்மேல் அது விழுந்துகொண்டே இருக்கும். முகம் தெரியாமல் குரலை மட்டும் கேட்டால் பாடமும் கனவு மாதிரித்தான். மழை பிடித்தால் தகரக் கூரையின் இரைச்சலில் ஒன்றும் கேட்காது. அப்போது ‘மழை’ என்று எழுதிவிட்டு, சில வரிகளை வெறுமையாக விடுவேன். கூடப் படித்தவர்கள் கேட்டால், பஸ் பிந்திவிட்டது என்பேன். அது பொய்யும் இல்லை. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அந்த ஏழு மாதமும் நான் சந்தோஷமாகத்தான் இருந்தேன்.

ஏழாம் மாத முடிவில் அறிவித்தல் பலகையில் ஒரு பட்டியல் தொங்கியது. வரவு போதாததால் உளவியல் பரீட்சை எழுத முடியாதவர்கள். அதில் ஒரே ஒரு பெயர், என்னுடையது. அந்தப் பாடம் இல்லாமல் டிப்ளோமா இல்லை. கொப்பியைத் தூக்கிக்கொண்டு மிஸ்ஸிடம் ஓடினேன்.

அவர் பக்கம் பக்கமாகப் புரட்டினார்.

“இதென்ன, இடைக்கிடை மழை மழை எண்டு கிடக்கு?”

“அன்னைக்கு மழைங்க மிஸ். ஒங்க சத்தம் கேக்கல.”

அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

“கதவு திறந்துதானே பிள்ளை கிடந்தது. ஏன் உள்ள வரேல்லை?”

“பிந்தி வந்தா எடுக்க மாட்டாங்கன்னு...”

“ஆர் சொன்னது?”

யோசித்துப் பார்த்தேன். “யாரும் சொல்லலங்க மிஸ்.”

அவர் கொப்பியோடு மேலிடத்துக்குப் போனார். இனி ஒரு வகுப்பும் தவறக்கூடாது என்ற நிபந்தனையோடு அனுமதி வந்தது. அன்று பின்னேரம் அடுப்படியில் அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“பிந்திப் போனாலும் உள்ள எடுப்பாங்களா?” என்று அம்மா இரண்டு தடவை கேட்டார். பிறகு அந்தக் கட்டு எங்கே, மரம் எந்தப் பக்கம், குரல் நன்றாகக் கேட்குமா என்று ஒவ்வொன்றாக விசாரித்தார். கடைசியில், “பரீட்ச அன்னைக்கு நானும் வாறேன். நீ பாட்டுக்குத் திரும்பி வந்துருவ” என்றார்.

சொன்னபடி அன்று வேலைக்குப் போகாமல் என்னோடு வந்தார். ஹாலிஎலப் பக்கம் போகும் பாதையில் ஏதோ மரம் விழுந்ததாம், பதுளைக்குள் நுழையும் இடத்திலேயே வாகனங்கள் தேங்கி நின்றன. ஒன்பது மணிப் பரீட்சைக்குப் போய்ச் சேரும்போது இருபது நிமிடம் பிந்திவிட்டது. அரை மணி நேரம் தாண்டினால் விடமாட்டார்கள். பரீட்சை எங்கள் உளவியல் வகுப்பறையிலேயேதான், ஆனால் அன்று அதன் கதவு மூடியிருந்தது.

என்னை உள்ளே தள்ளிவிட வந்த அம்மா, அந்தக் கதவைப் பார்த்ததும் நின்றுவிட்டார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, தலையைக் குனிந்து, ஓர் ஓரமாக ஒதுங்கினார். “மூடிட்டாங்களேம்மா” என்றார். பெரட்டில் அவர் எப்படி நின்றிருப்பார் என்று அப்போதுதான் பார்த்தேன். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. யார்மேல் என்று இன்றும் தெரியாது. கதவைத் தட்டினேன், கை வலிக்கத் தட்டினேன்.

கதவு திறந்தது. “கெதியா போய் இருங்கோ” என்றது மிஸ்ஸின் அந்தக் கணீர்க் குரல். அவ்வளவுதான். திரும்பிப் பார்க்க நேரமில்லை.

முதல் கேள்வியை எழுதி முடித்து நிமிர்ந்தபோதுதான் ஜன்னல் பக்கம் பார்த்தேன். ஜம்பு மரத்தடியில், என்னுடைய சீமெந்துக் கட்டின்மேல் அம்மா உட்கார்ந்திருந்தார். தலைமயிரில் ரோஸ் நார் நாலைந்து ஒட்டியிருந்தது. காதை ஜன்னல் பக்கம் சாய்த்து, கண்ணை மூடி, அசையாமல் கேட்டுக்கொண்டிருந்தார். பரீட்சையில் யாரும் பேசமாட்டார்கள் என்பதை அம்மாவுக்குச் சொல்ல மறந்திருந்தேன்.